மேட்டுப்பாத்தி

ஆகஸ்ட் 4

இந்த ஊரில் பந்து உருளாது. வந்த அன்றே சோதித்துப் பார்த்தேன். வாசலில் ஒரு கோலிக்குண்டை வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அங்கேயே இருந்தது. கோத்தகிரியில் எங்கள் வாசலில் வைத்தால் அது இரண்டு வீடு தாண்டி ஓடையில் போய்த்தான் நிற்கும். நான் சின்ன வயதில் தொலைத்த பந்துகள் பதினொன்று.

ஊரின் பெயர் மாவடியேந்தல். முதுகுளத்தூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அம்மா இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அரசாங்கம் மாற்றிவிட்டது. அப்பா மலைமேல் கோத்தகிரியிலேயே இருக்கிறார். முப்பது சென்ட் தோட்டத்தில் பீன்ஸும் கேரட்டும் நிற்கின்றன, விட்டுவிட்டு வர முடியாது. பள்ளியில் யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பு அறிவியல் செயல்திட்டத்துக்கு ‘இரண்டு ஊர்களின் வெப்பநிலை’ என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். டீச்சர் ஒரு வெப்பமானி கொடுத்தார். அங்கே எங்கள் சமையலறைச் சன்னலில், ஆறாம் வகுப்பில் எனக்குப் பரிசாகக் கிடைத்த வெப்பமானி தொங்குகிறது. தினமும் மாலை ஐந்து மணிக்கு அப்பா அதைப் பார்த்துப் போனில் சொல்வார். நோட்டில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன்.

இங்கே: 38. அங்கே: 19.

சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது. காரணம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 7

இன்று ஐந்து மணிக்கு அப்பாவிடம், “எப்பப்பா வருவீங்க?” என்று கேட்டேன்.

“அங்க வந்து நான் என்ன கண்ணு பண்றது? உங்கம்மாவுக்கு ஊசி போட ஆள் இருக்கு. எனக்கு வெட்ட மண்ணு இருக்கா?”

“மண்ணு இருக்குப்பா. வீட்டுக்குப் பின்னால நிறைய இருக்கு.”

“அதுல என்ன முளைக்கும், முள்ளுதான முளைக்கும்.” சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “ஒண்ணு பண்ணு. நான் குடுத்தனுப்புன பொட்டலத்துல முப்பத்தாறு விதை இருக்கு. அந்த மண்ணுல ஒரே ஒரு பீன்ஸ் காய்க்க வெச்சுக் காட்டு. நான் மூட்டையக் கட்டிட்டு வந்துடறேன்.”

“சத்தியமாவா?”

“சத்தியமா.”

போனை வைத்ததும் அம்மா என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “மழை பெய்யுதாமா அங்க?”

“தூறலாம்.”

“பின்பக்கம் போய்ப் பார்த்தாரான்னு கேட்டியா?”

கேட்கவில்லை. அம்மாவே கேட்கலாம். போன் அவளுடையதுதான்.

ஆகஸ்ட் 9

அப்பா போனில் சொல்லச் சொல்லப் பாத்தி போட்டேன். ஒரு முழம் உயரம், இரண்டு முழம் அகலம். “மேடு கட்டு. வேருல தண்ணி நிக்கவே கூடாது. நின்னா அழுகிப்போகும்.” எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் வடிக்க வேண்டிய ஒன்று. மூன்று நாள் மழையில் வாய்க்கால் வெட்டாதவன் தோட்டம் நான்காம் நாள் அடுத்தவன் தோட்டத்தில் கிடக்கும்.

பக்கத்து வீட்டு இருளாயி அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகாய் விவசாயம் செய்கிறவள். நாற்பது வயது இருக்கும்.

“என்னத்தா ஊட்டிப் பாப்பா, யாரைப் புதைச்சிருக்க?”

“ஊட்டி இல்ல அத்தை, கோத்தகிரி. இது பீன்ஸ் பாத்தி.”

“எல்லாம் மேலதான. ஏத்தா, இம்புட்டு மேட்டுல ஊத்துனா தண்ணி நிக்குமா? ஓடிப்போயிருமே.”

“ஓடத்தான் அத்தை வேணும்.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரித்தா. படிச்ச புள்ள” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10

இருபத்துநான்கு விதை ஊன்றினேன். பன்னிரண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பின்பக்கம் போர் இருக்கிறது. குழாயைத் திறந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டுகிறது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு இந்த ஊரார் ஏன் தள்ளுவண்டியில் எட்டுக் குடத்தை அடுக்கி ஊருணிக்குப் போகிறார்கள் என்று புரியவில்லை.

ஆகஸ்ட் 16

முளைத்துவிட்டது. பத்தொன்பது.

ஆகஸ்ட் 23

இங்கே: 39. அங்கே: 18.

இலை ஓரம் பழுப்பாகிறது. தாகமாக இருக்கும் என்று காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் ஊற்றுகிறேன். எனக்கும் எப்போதும் தாகமாகத்தான் இருக்கிறது. கம்பளிப் போர்வைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தோம். அம்மா அப்பாவுடையதையும் கொண்டுவந்திருக்கிறாள். எனக்கு அது இப்போதுதான் தெரியும். அப்படியானால் அப்பா அங்கே எதைப் போர்த்துகிறார்?

ஆகஸ்ட் 28

அறிவியல் தேர்வில் எனக்கு 47 போட்டிருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் 45 தான் வந்தது. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். டீச்சர் சிவப்பு மையால் திருத்திவிட்டு, “உன்ன மாதிரி ஒண்ணு இருந்தாப் போதும், என் வேலை ரெண்டு மடங்கு” என்றார். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இருளாயி அத்தை வேலிக்கு மேலே எட்டி, “மார்க்கைத் திருப்பிக் குடுத்த மகராசி இவதான்” என்று தன் வீட்டு ஆட்டிடம் சொன்னாள்.

பொய் சொன்னால் எனக்கு வயிறு வலிக்கும். அதனால்தான் சொல்வதில்லை. அப்பாவுக்கு வாக்குக் கொடுத்த ஒரு விஷயம் மட்டும் இருக்கிறது. அது பொய் இல்லை, சொல்லாமல் இருப்பது. அதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 1

இன்று காலை கதவைத் திறந்ததும் பாத்தி மேல் உறைபனி. வெள்ளையாக, மெல்லியதாக, மண்ணின் ஒவ்வொரு கட்டி மேலும். ஜனவரியில் எங்கள் கேரட் தோட்டம் இப்படித்தான் இருக்கும். நான் “அப்பா” என்று கூப்பிட்டுவிட்டேன். பிறகு கால் சுட்டது. காலை ஏழு மணிக்கே மண் சுட்டது.

விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

செப்டம்பர் 2

இருளாயி அத்தை வேலியைத் தாண்டி வந்து குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள்.

“எந்தத் தண்ணியத்தா ஊத்துன?”

“போர்த் தண்ணி.”

“அடிப் பாவிப் புள்ள. அது சாணி மெழுகத்தான் ஆகும். அந்தத் தண்ணிக்குச் சீமைக்கருவேலு கூட முகஞ் சுளிக்கும். எம்புட்டு ஊத்துன?”

“நாளைக்கு நாலு குடம்.”

“இருபது நாளா?” அவள் சிரிக்கவில்லை. “வாடுது வாடுதுன்னு நீ ஊத்த ஊத்தத்தான் அது செத்துருக்கு.”

பத்தொன்பதும் போய்விட்டன. நான்தான் கொன்றேன், தினமும், மணி பார்த்து.

சோப்பு நுரைக்காத காரணம் இப்போது தெரிகிறது. முதல் நாளே எழுதிவைத்திருக்கிறேன், யோசிக்கவில்லை.

செப்டம்பர் 8

பன்னிரண்டு விதையையும் ஊன்றினேன். இருந்த மேட்டைத் தள்ளிவிட்டு, வேறு இடத்தில் புதிதாக மேடு கட்டினேன். “பள்ளமா வெட்டுத்தா, மேல தென்னங்கீத்துப் போடு” என்றாள் அத்தை. அப்பா மேடு என்றுதான் சொன்னார். அப்பாவுக்கு பீன்ஸைப் பற்றித் தெரியாதது இல்லை.

தண்ணீர்: அரிசி கழுவியது, காய் கழுவியது, என் பங்குக் குடிநீரில் ஒரு சொம்பு. நல்ல தண்ணீருக்கு நானும் தள்ளுவண்டியோடு ஊருணிக்குப் போகிறேன். வரிசையில் ஒரு பாட்டி, “மனுசனுக்கே இல்லாத தண்ணி, பீன்ஸு குடிக்குதாக்கும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

செப்டம்பர் 20

செயல்திட்டத்துக்கு ஒட்ட அம்மாவின் கோப்பில் பழைய வரைபடம் தேடினேன். மாறுதல் உத்தரவு கிடைத்தது. அதில் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று இருக்கிறது. மூன்று முறை படித்தேன்.

அரசாங்கம் மாற்றவில்லை.

செப்டம்பர் 21

அம்மாவிடம் காகிதத்தை நீட்டினேன். அவள் ஒளிக்கவில்லை. சேலைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டே பேசினாள்.

“கலந்தாய்வுல காலியிடம் பூரா பலகைல எழுதியிருந்தாங்க. எல்லாரும் கோயமுத்தூர், ஈரோடுன்னு எடுத்தாங்க. நான், மேடே இல்லாத ஊரு எதுன்னு கேட்டேன். அந்த க்ளார்க் சிரிச்சுட்டு இதைக் காட்டுனாரு.”

“அப்பாகிட்ட கேட்டீங்களா?”

“ரெண்டு வருசமாக் கேட்டேன் சுடரு. வீட்டுக்குப் பின்னால மண்ணு வெடிச்சு அந்தக் கோடு விழுந்த அன்னிலேர்ந்து. மழை பேஞ்சா நீ தூங்குவ. உங்கப்பா தூங்குவார். நான் சுவத்துல காதை வெச்சுட்டு உக்காந்திருப்பேன்.”

“அது சின்னக் கோடுதானம்மா.”

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மா பிழிந்த சேலையை மறுபடி பிழிந்தாள்.

அக்டோபர் 5

ஐந்து செடி பிழைத்திருக்கிறது. அம்மாவின் கிழிந்த வெள்ளைச் சீருடைச் சேலையை மேலே பந்தலாகக் கட்டினேன். அம்மா வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்து, “பீன்ஸுக்கும் ட்யூட்டி போட்டாச்சா” என்றாள். இங்கே வந்தபிறகு அம்மா செய்த முதல் கேலி.

இங்கே: 36. அங்கே: 16.

அக்டோபர் 20

பூத்துவிட்டது. வெள்ளைப் பூ, ஏழு. அப்பாவிடம் சொன்னேன். “பூத்துருச்சா?” என்றார். பிறகு, “பூ காயில்ல கண்ணு” என்றார்.

அக்டோபர் 22

ஏழும் உதிர்ந்துவிட்டன. பள்ளி நூலகத்தில் வேளாண்மைப் புத்தகம் இருக்கிறது. முப்பது டிகிரிக்கு மேல் பீன்ஸ் பூ நிற்காதாம். பக்கம் 112. முதலிலேயே படித்திருக்கலாம்.

அக்டோபர் 23

மறுபடி பூத்தது. மறுபடி உதிர்ந்தது.

அக்டோபர் 29

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். வானிலை வரும்போது மட்டும் அம்மா சமையலறையிலிருந்து வந்து நிற்பாள். நீலகிரிக்குக் கனமழை. அம்மா கரண்டியோடு நின்றாள். அடுப்பில் ஏதோ தீய்ந்தது.

இன்று ஐந்து மணிக்கு அப்பா எடுக்கவில்லை. ஐந்தேகாலுக்கும் எடுக்கவில்லை. அம்மா கதவுக்கும் மேசைக்கும் நடுவே நடந்தாள். நான் எண்ணினேன், நாற்பத்தொரு முறை. ஆறரைக்கு அவரே கூப்பிட்டார். வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாராம்.

“எத்தனை டிகிரிப்பா?”

“பதினாலு. நல்ல மழை.”

“பின்னாடி?”

“பின்னாடிக்கு என்ன. நீ படி.”

எழுதமாட்டேன் என்று சொன்னதை எழுதுகிறேன். ஜூலை மாதம், நாங்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம், வீட்டுக்குப் பின்னால் அந்தக் கோட்டில் என் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். முழுவதும் உள்ளே போனது. அடி தட்டவில்லை. அப்பா பார்த்துவிட்டார். “அம்மாகிட்ட சொல்லாத, பயந்துக்குவா” என்றார். அன்று மாலையே மண்ணைக் குழைத்துக் கோட்டை அடைத்துவிட்டார். அதற்கு மேல் பூந்தொட்டியை வைத்தார். பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

எனக்குத் தெரியும்.

அக்டோபர் 31

சனிக்கிழமைச் சந்தை. முதுகுளத்தூர் போய்க் கால் கிலோ பீன்ஸ் வாங்கினேன். நல்லதாக நான்கு பொறுக்கி, கறுப்பு நூலால் கொடியில் கட்டினேன். முடிச்சு இலைக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கீழே ‘காய்த்துவிட்டது. சத்தியம் ஞாபகம் இருக்கட்டும்’ என்று எழுதினேன்.

வயிறு வலிக்கிறது.

மீதிப் பீன்ஸை அம்மா பொரியல் செய்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

நவம்பர் 1

அப்பாவிடமிருந்து பதில் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டார் என்று போன் காட்டுகிறது. ஐந்து மணிக்கு டிகிரி மட்டும் சொன்னார்.

நவம்பர் 2

“நாளைக்கு மத்தியானம் பஸ் ஏறுறேன்” என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் போய்ப் பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்து வெயிலில் போட்டாள். இந்த ஊரில் கம்பளி எதற்கு என்று பிறகு தோன்றியிருக்க வேண்டும். மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

நவம்பர் 4

காலை எட்டு மணிக்கு அப்பா வந்தார். மூட்டை இல்லை, ஒரு தோள்பை மட்டும். ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், முகமெல்லாம் வியர்வை. காபி வேண்டாம் என்று நேராகப் பின்பக்கம் போனார். நான் நூலையும் காயையும் நேற்றே எடுத்துவிட்டேன். “பறிச்சுட்டோம்பா” என்று சொல்வதற்கு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

அவர் கேட்கவே இல்லை. குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுத் துப்பினார்.

சாப்பிடும்போதுதான் சொன்னார்: “அது செடி பீன்ஸு கண்ணு. நம்மளது கொடி. காம்பே வேற. படத்தைப் பார்த்ததும் தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏம்ப்பா வந்தீங்க?”

“ரெண்டு மார்க்கைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்த புள்ள. அது பொய் சொல்லுதுன்னா, என்னான்னு வந்து பார்க்காம எப்படி இருக்கறது?”

அம்மா இட்லித் தட்டோடு அப்படியே நின்றாள். நான் ஸ்கேலைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேருக்கும் சேர்த்து, ஒரே மூச்சில். பதினைந்து சென்டிமீட்டர், அடி தட்டவில்லை, பூந்தொட்டி, எல்லாம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

“அடைச்சுட்டேன்ல” என்றார் அப்பா.

“பல்லுல ஓட்டைன்னா அடைக்கலாம். மலையில விழுந்தா?”

“தோட்டத்தை யாரு பாக்கறது? வெள்ளிக்கிழமை போகணும். கேரட் நிக்குது.”

“நிக்கட்டும். நீங்க எங்க நிக்கறீங்கன்னுதான் ரெண்டு வருசமாக் கேட்டேன்.”

மூன்று மாதத்தில் அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 6

மேட்டுப்பாளையத்துக்கு மேலே மரம் விழுந்து சாலையை மூடிவிட்டார்கள். அப்பாவால் போக முடியவில்லை. வாசலுக்கும் வேலிக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். அம்மாவும் அவரும் ஒரே மாதிரிதான் நடக்கிறார்கள். நாளைக்குத் திறந்துவிடுவார்கள் என்கிறார். பையைக் கதவருகிலேயே வைத்திருக்கிறார். அம்மா ஒருமுறை அதை உள்ளே வைத்தாள். அவர் வெளியே வைத்தார். அம்மா மறுபடி வைக்கவில்லை.

இங்கே: 31, மேகம். அங்கே: பார்க்க ஆள் இல்லை.

நவம்பர் 7

இன்று சாலை திறக்கவில்லை.

நவம்பர் 8

பகல் பதினொரு மணிக்குக் கோத்தகிரியிலிருந்து மேல்வீட்டுச் சின்னராசு அண்ணன் அப்பாவைப் போனில் கூப்பிட்டார். அப்பா நின்றுகொண்டே கேட்டார். “ஆமா” என்றார். “ஆருக்கும் ஒண்ணுமில்லையே” என்றார். “பந்தலு?” என்று கேட்டார். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

போனை வைத்துவிட்டு எங்களிடம் இல்லாமல் சுவரிடம் சொன்னார்: “விடியக்காலம் வந்துருக்கு. சமையக்கட்டு பூரா மண்ணு. பின்சுவரு இல்ல. தோட்டம் ஓடைக்குப் போயிருச்சு.”

அம்மா சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவளிடம் இரண்டு வருடத்துச் சொற்கள் இருந்தன. நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சாதம் ஆறுது” என்றாள். “ரசம் ஊத்தட்டுமா?”

அப்பா உட்கார்ந்தார். சாப்பிட்டார். எவ்வளவு பரிமாறினாளோ அவ்வளவும்.

சமையலறைச் சன்னலில் என் பரிசு வெப்பமானி இருந்தது. காலையில் காபி போடும்போது அப்பா நிற்கும் இடம் அந்தச் சன்னல்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, மூன்று பேருக்கும் தெரியும்.

நவம்பர் 10

காலையில் அப்பா மண்வெட்டியை எடுத்து என் மேட்டுப்பாத்தியைத் தட்டிச் சமமாக்கினார். பீன்ஸ் கொடிகளை வேரோடு எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு வேலியருகே போய் நின்றார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். தொண்டையைச் செருமினார்.

“ஏனுங்க, இங்கெல்லாம் எப்படிங்க வெட்டுவீங்க?”

இருளாயி அத்தை சிரித்துவிட்டு வந்தாள். “பள்ளமா வெட்டுங்கண்ணே. சுத்தி வரப்பைத் தூக்குங்க. உங்க ஊருல தண்ணியை விரட்டுவீக. இங்க வந்தா உக்கார வைக்கணும்.” மடியிலிருந்து ஒரு பிடி மிளகாய் நாற்றை எடுத்துக் கொடுத்தாள். “பீன்ஸை மறங்க. இதை வைங்க. கார்த்திகை மழைக்குக் கிளம்பிரும்.”

அப்பா நான்கு பள்ளம் வெட்டினார். நான் நாற்றுப் பிடித்தேன். அவர் கை வரப்பை ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் திறந்துவிட்டது, தண்ணீர் வடிய. ஒவ்வொரு தடவையும் நான் மூடினேன்.

நவம்பர் 13

மதியம் மூன்று மணிக்கு மழை வந்தது. இந்த ஊரில் நான் பார்க்கும் முதல் மழை. பத்து நிமிடத்தில் பள்ளம் நிறைந்துவிட்டது. அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பாத்திக்குப் போனார்.

“விடுங்கண்ணே, நிக்கட்டும்,” இருளாயி அத்தை தன் வாசலில் முக்காட்டோடு நின்று கத்தினாள். “அது எங்கிட்டும் போகாது.”

அப்பா வரப்பின் மேல் மண்வெட்டியை ஓங்கியபடி நின்றார். மழை அவர் முதுகில் விழுந்தது. தண்ணீர் நிறைந்து, வரப்பைத் தொட்டு, அங்கேயே நின்றது. சுற்றிலும் எதுவும் சரியவில்லை. சரிய எதுவும் இல்லை.

அம்மா வாசலில் குடங்களை ஒவ்வொன்றாக மழையில் வைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் காது வைக்கவில்லை. எட்டாவது குடத்தை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

“நனையாதீங்க. உள்ள வாங்க.”

அவர் மண்வெட்டியைக் கீழே இறக்கினார். உள்ளே வரவில்லை. நிற்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார், அது எப்போது ஓடும் என்பதுபோல. அம்மா இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

மாலை ஐந்து மணிக்கு நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, ஒரே ஒரு கட்டம் போட்டேன்.

27.